கம்பெனி கைவிட்ட டிராக்டர்... கடைசல் பட்டறை கைவிடவில்லை!

செங்கல்பட்டு வயல்களிலும் மாமல்லபுரம் கடலோரத்திலும் இன்னும் உழைக்கும் பழைய டிராக்டர்களுக்கு உதிரி பாகம் எங்கிருந்து வருகிறது?

ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் பக்கத்தில் டிராக்டர்களுக்கு ஓய்வே கிடையாது. சம்பாவுக்குச் சேறடிக்க ஒரே வண்டிக்காரரைப் பல வயல்காரர்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து, முன் அச்சைத் தாங்கும் சென்டர் பின் தேய்ந்து முறிந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் நீளம்கூட இல்லாத இரும்புத் துண்டுதான். ஆனால், அது இல்லாமல் ஒன்றரை டன் எடையுள்ள வண்டி வரப்போரம் நின்றுவிடும். ஸ்பேர் கடைக்குப் போனால், "அந்த மாடல் நின்னு போச்சுங்க, சரக்கு வர்றதில்ல" என்பதுதான் பதில்.

அதன் பிறகு விவசாயிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. சென்னை புதுப்பேட்டைக்குப் போய் கழித்துப்போட்ட வண்டிகளின் பாகங்களில் தேடலாம். வட இந்தியாவிலிருந்து வரும் கம்பெனி பெயரில்லாத 'லோக்கல்' சரக்கை வாங்கி, பொருந்துகிறதா என்று பார்க்கலாம். அல்லது உடைந்த துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊர் லேத் பட்டறைக்குப் போகலாம். மூன்றாவது வழியில் போனவர் பெரும்பாலும் அன்று மாலையே புதுப் பின்னோடு திரும்புகிறார். மறுநாள் காலை வண்டி வயலில் இறங்குகிறது.

தமிழகத்தின் வேளாண்மையை எத்தனையோ திட்டங்கள் தாங்கிப் பிடிப்பதாகப் பேசுகிறோம். இந்தச் சிறு பட்டறைகளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ஆனால், உற்பத்தி நின்று பல ஆண்டுகளான டிராக்டர்கள் இன்றும் உழுகின்றன என்றால், அதற்குக் காரணம் இவைதான். இந்தப் பட்டறைகளின் அறிவு எங்கும் எழுதப்படவில்லை. கைகளில்தான் இருக்கிறது. அந்தக் கைகளுக்கோ வயதாகிக்கொண்டிருக்கிறது.

செம்பியத்தில் பிறந்த வண்டிகள்

இந்தியாவில் தயாரான முதல் டிராக்டர் 1959-ல் ஃபரிதாபாத்தில் ஐஷர் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அடுத்த ஆண்டே, மாஸி ஃபெர்குசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு சென்னையில் 'டாஃபே' தொடங்கப்பட்டது. அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த டாஃபே செம்பியத்தில் வேரூன்றியது. அதே குழுமத்தின் சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் உரிமத்தோடு டீசல் இன்ஜின்களைச் செய்துவந்தது. செம்பியத்திலேயே 1949-ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸும் இருந்தது. டிராக்டர், இன்ஜின், பிஸ்டன் என எல்லாமே வடசென்னையிலும் அதைச் சுற்றியும் தயாராகின. அதனால்தான் வட தமிழகத்தில் பழைய வண்டி என்றாலே சிவப்பு நிற மாஸி கண்முன் வந்து நிற்கிறது.

அந்த மாஸியின் பரம்பரை இங்கிலாந்தில் தொடங்குகிறது. ஹாரி ஃபெர்குசன் வடிவமைத்த டி.இ.20 டிராக்டரை, 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரி நகரின் பேனர் லேன் ஆலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. கலப்பையை வண்டியோடு மூன்று இடங்களில் கோத்து, ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்கும் முறையை உலகெங்கும் பரப்பியது அதுதான். அதன் வாரிசான மாஸி ஃபெர்குசன் 35-ம், பின்னால் வந்த 1035-ம் நம்மூர் வயல்களுக்குப் பழக்கமானவை.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் டிராக்டருக்கும் நேரடி உறவும் உண்டு. கேளம்பாக்கத்தில் 1964-ல் டாஃபே தொடங்கிய 'ஜே ஃபார்ம்' என்ற வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை இந்த மாவட்டத்து எல்லைக்குள்தான் இருக்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2012-ல் திறக்கப்பட்ட மஹிந்திரா ரிசர்ச் வேலி புதிய கார்களையும் டிராக்டர்களையும் வடிவமைக்கிறது. நாளைய டிராக்டரின் கணினி வரைபடமும், நேற்றைய டிராக்டரின் உடைந்த பின்னும் ஒரே ஜி.எஸ்.டி. சாலையில் பயணிக்கின்றன.

மாஸி மட்டுமல்ல, 1963-ல் தொடங்கிய இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனியின் பி-275, எஸ்கார்ட்ஸ் செய்த ஃபோர்டு 3000, 3600, செக் நாட்டு ஸீட்டர் தொழில்நுட்பத்தில் 1971 முதல் பிஞ்சோரில் உருவான எச்.எம்.டி. ஆகியவையும் ஒரு காலத்தில் நாடெங்கும் ஓடின. காலப்போக்கில் கம்பெனிகள் கைமாறின. ஐஷரின் டிராக்டர் தொழிலை 2005-ல் டாஃபே வாங்கியது. எச்.எம்.டி.யின் டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. கம்பெனி மூடினாலும், கைமாறினாலும், மாடல் மாறினாலும் முதலில் மறைவது உதிரி பாகம்தான். பிஸ்டன், பேரிங், ஆயில் சீல் போன்று பல வண்டிகளுக்குப் பொதுவானவை கிடைத்துக்கொண்டிருக்கும். அந்த வண்டிக்கு மட்டுமே உரிய பின், புஷ், லிவர், பிராக்கெட், கவர் போன்றவைதான் கிடைக்காமல் போகும்.

உப்பும் சேறும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் இரும்புக்கு இரட்டைச் சோதனை. கோவளத்திலிருந்து தெற்கே கல்பாக்கம் தாண்டி வீசும் கடற்காற்றில் உப்பு ஈரம் இருக்கிறது. தகரத்தாலான பானட், மட்கார்டு, சைலன்ஸர், பேட்டரிப் பெட்டி, ரேடியேட்டர் தாங்கி ஆகியவை முதலில் அரிபடுகின்றன. பெயின்ட் உரிந்த இடத்தில் பிடிக்கும் துரு, உள்ளுக்குள்ளேயே பரவி ஒருநாள் பொத்தலாக வெளியே வருகிறது. போல்ட் ஒவ்வொன்றும் நட்டோடு ஒட்டிக்கொள்வதால், கழற்றும்போதே பாதி முறிந்துவிடும்.

உள்ளே, ஏரிப் பாசன வயல்களில், பிரச்சனை சேறு. சேற்றுநீரில் கலந்திருக்கும் நுண்மணல் புஷ்ஷுக்குள் புகுந்துவிட்டால் எமரித் தூளைப் போலத் தேய்க்கும். முன் சக்கர ஸ்பிண்டில், அதன் புஷ், சென்டர் பின், கிளட்ச் பெடல் ஷாஃப்ட், கலப்பையைத் தாங்கும் லோயர் லிங்கின் குண்டு, டாப் லிங்க் பின், டிரா பார் ஓட்டை என்று சேற்றுக்குப் பக்கத்தில் அசையும் எல்லாமே தேயும். மாதக்கணக்கில் கிரீஸ் அடிக்காமல் விட்ட வண்டியில் இவை இன்னும் வேகமாகப் போகும். சேறடிக்கப் பூட்டும் கேஜ் வீலின் பட்டைகளும் வளைந்து முறியும். இந்தக் கேஜ் வீலைப் பெரும்பாலும் உள்ளூர் வெல்டிங் பட்டறைகளே செய்கின்றன. அதாவது, டிராக்டரின் ஒரு பாகத்தை உள்ளூரில் செய்துகொள்வது நமக்குப் புதிய பழக்கம் அல்ல.

உடைந்த துண்டே வரைபடம்

பட்டறைக்கு வரும் பாகத்துக்கு வரைபடம் கிடையாது. உடைந்த துண்டுதான் வரைபடம். ஆனால், அது தேய்ந்துபோன வரைபடம். அதை அப்படியே அளந்து கடைந்தால், தேய்மானத்தையும் சேர்த்து நகலெடுத்ததாகிவிடும். அனுபவமுள்ள டர்னர் முதலில் தேயாத இடத்தைத் தேடுகிறார். புஷ்ஷுக்கு வெளியே நிற்கும் ஓரம், வாஷருக்கு அடியில் மறைந்திருந்த பகுதி, லாக் போல்ட் உட்காரும் இடம் ஆகிய இடங்களில் கம்பெனி விட்ட அசல் அளவு மிஞ்சியிருக்கும். வெர்னியரை வைத்து அளந்து, பின் நுழையும் ஓட்டையையும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுத்தான் புது அளவை முடிவு செய்கிறார்.

பழைய வண்டிகள் பல அங்குலக் கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. 25.4 என்று வெர்னியர் காட்டினால், அது தேய்ந்த 26 மில்லிமீட்டர் அல்ல, ஓர் அங்குலம். இதைப் புரிந்துகொள்ளாமல் மில்லிமீட்டரில் முழு எண்ணாக மாற்றிக் கடைந்தால் பின் இறுகிக்கொள்ளும் அல்லது ஆடும். மரையில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அரை அங்குல போல்ட்டையே எடுத்துக்கொள்வோம். பழைய விட்வொர்த் முறையில் ஓர் அங்குலத்துக்கு 12 மரை. யு.என்.சி. முறையில் 13. யு.என்.எஃப். முறையில் 20. விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, மற்ற இரண்டுக்கும் 60. பன்னிரண்டு மரை போல்ட்டைப் பதின்மூன்று மரை ஓட்டையில் போட்டால் முதல் இரண்டு சுற்று சுகமாக ஏறும், மூன்றாவதில் இறுகும். ஸ்பேனரை நீட்டி முறுக்கினால் வார்ப்பிரும்பு ஹவுசிங்கின் மரை சிதைந்துவிடும். இருநூறு ரூபாய் போல்ட் பிரச்சனை, ஹவுசிங்கையே மாற்றும் பிரச்சனையாக வளர்வது இப்படித்தான். பிட்ச் கேஜ் என்ற சிறு தகட்டுக் கொத்து ஒன்று இருந்தால் இந்த விபத்தைத் தவிர்க்கலாம்.

அடுத்தது இடைவெளி. பின்னும் புஷ்ஷும் சுழல வேண்டுமானால் நடுவே கிரீஸ் நிற்க இடம் வேண்டும். விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஒரு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இடைவெளி விடுவது பட்டறைகளின் பொதுக்கணக்கு. மில்லிமீட்டரில் அது 0.025 மட்டுமே. புஷ்ஷின் வெளிப்புறமோ ஹவுசிங்கில் இறுக்கமாக உட்கார வேண்டும். அதனால் அங்கே அதே அளவு கூடுதலாக வைத்து, பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றுவார்கள். ஏற்றியதும் புஷ்ஷின் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். எனவே உள்ளே கடைசி அளவை முன்பே முடித்துவிடக் கூடாது. ஏற்றிய பிறகு ரீமர் போட்டுத்தான் முடிக்க வேண்டும். கிரீஸ் நிப்பிளுக்கு நேரே ஓட்டையும், உள்ளே கிரீஸ் பரவக் காடியும் வெட்ட மறந்தால், எவ்வளவு நல்ல புஷ்ஷும் ஒரு பருவம்கூடத் தாங்காது.

எந்த இரும்பு?

அளவு சரியாக இருந்தும் பாகம் முறிகிறது என்றால், அங்கே பெரும்பாலும் உலோகம்தான் தவறு. மைல்டு ஸ்டீலில் பின்னை எளிதில் கடையலாம், ஆனால் அது எளிதில் வளையவும் செய்யும். டிராக்டரின் பின், ஷாஃப்ட் போன்றவற்றுக்குப் பட்டறைகள் அதிகம் பயன்படுத்துவது ஈ.என்.8. இதில் கார்பன் ஏறக்குறைய 0.4 சதவீதம் இருப்பதால் வலுவும் உண்டு, சூடாக்கிக் கடினப்படுத்தவும் முடியும். அதிக முறுக்கு தாங்க வேண்டிய இடத்தில் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த ஈ.என்.24 வேண்டும். புஷ்ஷுக்கு கன்மெட்டலோ பாஸ்பர் பிரான்ஸோ நல்லது. தேய்வது எளிதாக மாற்றக்கூடிய புஷ்ஷாக இருக்க வேண்டும், பின்னாகவோ ஹவுசிங்காகவோ இருக்கக் கூடாது என்பதே இதன் தத்துவம். சிக்கனம் கருதி பின்னைவிடக் கடினமான இரும்பில் புஷ் செய்கிறவர்கள், சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தி சில ஆயிரத்தை இழக்கிறார்கள்.

கழித்த லாரியின் ஆக்சில் ஷாஃப்ட்டை வெட்டிப் பின் கடைவதும், பட்டையைச் சூடாக்கி அடித்துக் கொழுவும் பிளேடும் செய்வதும் நம்மூரில் நடப்பதுதான். நல்ல உலோகம் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஆனால், பல ஆண்டுகள் பாரம் சுமந்த ஷாஃப்ட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். கடைந்து முடித்ததும் மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, மேலே சுண்ணாம்புத் தூளைப் பூசிப் பாருங்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். பழைய முறைதான் என்றாலும், எந்தப் பட்டறையிலும் செய்துவிடலாம்.

மைல்டு ஸ்டீலுக்கும் மேல்தோலை மட்டும் கடினமாக்கும் வழி இருக்கிறது. கடைந்த பாகத்தை இரும்புப் பெட்டியில் கரித்தூளோடு அடைத்து, மூடியைக் களிமண்ணால் பூசி, உலையில் 900 டிகிரிக்கு மேல் நான்கு மணி நேரம் வைத்தால் கார்பன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம் இறங்கும். பிறகு சூடாக்கித் தோய்த்தால் மேலே கண்ணாடி போல் கடினமும், உள்ளே நெகிழ்வும் கிடைக்கும். அரம் போட்டுப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அரம் கடித்தால் பதம் போதவில்லை என்று பொருள்.

உளி சொல்லும் பாடம்

பதம் என்றதும் மாமல்லபுரம் நினைவுக்கு வராமல் இருக்காது. பல்லவர் காலம் முதல் கருங்கல்லோடு பழகிய ஊர் அது. 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி அங்கே வளர்ந்தது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பியைப் புகழும் நாம், அவர் கையில் இருக்கும் உளியைச் செய்பவரைப் புகழ்வதில்லை. கருங்கல்லைச் செதுக்கும் எஃகு உளியின் முனை விரைவில் மழுங்கும். மறுபடி உலையில் வைத்து, அடித்துக் கூராக்கி, துவைச்சல் போட வேண்டும், அதாவது தண்ணீரில் தோய்த்துப் பதமேற்ற வேண்டும். இன்று டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த உளிகள் வந்துவிட்டன. ஆனாலும் துவைச்சல் என்ற கலை மறையவில்லை.

அந்தக் கலையின் நுட்பம் நிறத்தில் இருக்கிறது. சிவக்கக் காய்ந்த முனையைத் தண்ணீரில் தோய்த்து எடுத்து, வேகமாகத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், பின்பக்கத்துச் சூடு மெல்ல முனையை நோக்கி வரும். வைக்கோல் மஞ்சள் தெரிந்தால் ஏறக்குறைய 220 - 230 டிகிரி. அதன் பிறகு ஊதா. 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். எந்த நிறத்தில் மறுபடி தண்ணீரில் விடுகிறோமோ, அதுவே உளியின் குணம். மஞ்சளில் விட்டால் கடினம் அதிகம், முனை உடையக்கூடும். நீலத்தில் விட்டால் உடையாது, மழுங்கும். வெப்பமானி இல்லாமல் கண்ணாலேயே உலோகத்தின் உள்ளமைப்பை நிர்ணயிக்கும் இந்த அறிவுதான் டிராக்டரின் லாக் பின், ஸ்பிரிங் கொக்கி, கலப்பைக் கொழு ஆகியவற்றுக்கும் வேண்டியது. மாமல்லபுரம் கல் பட்டறையிலும் மதுராந்தகம் இரும்புப் பட்டறையிலும் நடப்பது ஒரே விஞ்ஞானம்.

வார்ப்பிரும்பும் வார்ப்புக் கணக்கும்

பழைய டிராக்டரின் உடம்பில் பெரும்பகுதி வார்ப்பிரும்பு. கியர் பாக்ஸ் ஹவுசிங், ஆக்சில் டிரம்பெட், ஹைட்ராலிக் கவர் எல்லாம் அதில் வார்த்தவை. இது உடையும், வளையாது. அவசரப்பட்டு சாதாரண ராடில் வெல்டிங் வைத்தால், வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விடும். முறையாகச் செய்பவர் முதலில் விரிசலின் இரு முனைகளிலும் சிறு ஓட்டை போட்டு, அது மேலும் ஓடாமல் தடுக்கிறார். விரிசலை 'வி' வடிவில் செதுக்குகிறார். நிக்கல் ராடால் ஒரு நேரத்தில் ஓர் அங்குலம் மட்டும் வைத்து, சூடு ஆறுவதற்குள் சிறு சுத்தியலால் தட்டுகிறார். கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் அடுத்த அங்குலம். முடிந்ததும் காற்றுப் படாமல் சாம்பலிலோ சுண்ணாம்பிலோ புதைத்து மெதுவாக ஆறவிடுகிறார். அரை நாள் வேலையை அரை மணியில் முடிக்கச் சொல்லும் வாடிக்கையாளரால்தான் பல ஹவுசிங்குகள் காயலான் கடைக்குப் போகின்றன.

வெல்டிங்கில் தேறாத பாகத்தைப் புதிதாக வார்க்கலாம். கோயம்புத்தூர் வார்ப்பாலைகள் இதில் பேர்போனவை. உடைந்த பாகத்தை ஒட்டவைத்து அதையே மாதிரியாக மணலில் பதிக்கலாம் என்று தோன்றும். ஆனால், உருகிய இரும்பு உறைந்து ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு அடிக்கு ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலம் சுருங்குகிறது. எஃகு வார்ப்பு அடிக்கு இரண்டு நூல். எனவே மர மாதிரியை அந்த அளவு பெரிதாகவும், கடைய வேண்டிய முகங்களில் இன்னும் கூடுதலாகவும் செய்ய வேண்டும். இன்று பழைய பாகத்தை ஸ்கேன் செய்து, கணினியில் பெரிதாக்கி, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக் மாதிரியை எடுத்துவிடலாம். ஒரு மாதிரியை வைத்துப் பத்து விவசாயிகளுக்கு வார்த்துக் கொடுத்தால் செலவும் பங்காகிறது.

வீட்டுக் கொட்டகையில் என்ன செய்யலாம்?

எல்லாவற்றுக்கும் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. வெல்டிங் செட், ஆங்கிள் கிரைண்டர், டிரில்லிங் மெஷின், நல்ல வைஸ், வெர்னியர், டேப் - டை செட் ஆகியவை இருந்தால், பேட்டரிப் பெட்டி, டூல் பாக்ஸ், மட்கார்டு தாங்கி, சீட் பிராக்கெட், கேஜ் வீல் பட்டை, டாப் லிங்க் பின் எல்லாவற்றையும் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்ளலாம். இரண்டாம் கையாக ஒரு சிறு லேத் கிடைத்தால் புஷ்ஷும் பின்னும்கூடக் கைக்குள் வந்துவிடும். பி.எஸ்.ஜி., பட்டாலா என்ற பெயர்கள் பொறித்த பழைய லேத்துகள் இன்னும் நம்மிடையே ஓடுகின்றன. வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சக் பக்கத்தில் பெட் தேய்ந்திருக்கிறதா, ஸ்பிண்டில் ஆடுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள்.

துரு தின்ற பானட்டை முழுதாக மாற்ற வேண்டியதும் இல்லை. அரிபட்ட பகுதியை நேர்கோட்டில் வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டைப் பொருத்தி, அங்கங்கே பொட்டு வைத்து ஒட்ட வேண்டும். ஒரே ஓட்டமாக வெல்டிங் வைத்தால் தகடு அலையலையாக நெளியும். உள்பக்கத்திலும் ரெட் ஆக்சைடு அடிப்பது கடலோரத்தில் கட்டாயம். வெளியே மட்டும் அழகுபார்த்து அடித்த பெயின்ட், அடுத்த மழைக்குள் கொப்புளமாகும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. லுங்கி, வேட்டி, தோளில் துண்டு ஆகியவற்றோடு லேத் அருகே நிற்காதீர்கள். சுழலும் சக்கில் துணி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். லேத்தில் கையுறையும் கூடாது. டீசல் டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், அதில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும். ஜிங்க் பூசிய தகட்டின் வெல்டிங் புகை காய்ச்சலைத் தரும். பழைய கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

வீட்டில் செய்யவே கூடாதவை

ஸ்டியரிங் ஆர்ம், டை ராட், டிராக் லிங்க்: முறிந்தால் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. இவற்றை வெல்டிங் வைத்து ஒட்டுவது உயிரோடு விளையாடுவது.

பிரேக் பாகங்கள், சக்கர ஸ்டட்: தரச்சான்று உள்ளவற்றை வாங்குங்கள்.

ஃப்ளைவீல்: விரிசல் விட்டதை வெல்டிங் வைக்கவே வேண்டாம். சிதறினால் குண்டுக்குச் சமம்.

டீசல் பம்ப் எலிமென்ட், நாசில்: இவற்றின் நுண்ணளவு நம் லேத்துக்கு எட்டாது.

பி.டி.ஓ. ஷாஃப்ட்: நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் இந்த ஷாஃப்ட்டின் ஆறு காடிகளை டிவைடிங் ஹெட் உள்ள மில்லிங் பட்டறையில்தான் வெட்ட வேண்டும். அதன் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொலராடோ வரை

இருப்பதை வைத்து இயந்திரத்தை ஓடவைக்கும் திறமையின் எல்லையை 1990-களின் யாழ்ப்பாணம் கண்டது. பொருளாதாரத் தடையால் பெட்ரோல், டீசல், பேட்டரி, இரும்பு எதுவும் தாராளமாகக் கிடைக்காத காலம் அது. மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் சில துளி பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அங்கே பழுதுபார்க்கும் கை வெறும் தொழிலாக இல்லை, ஊரின் உயிர்நாடியாகவே இருந்தது.

அமெரிக்காவில் பிரச்சனை வேறு வடிவத்தில் வந்தது. அங்கே புதிய டிராக்டரை, கம்பெனியின் மென்பொருள் இல்லாமல் விவசாயி பழுது பார்க்க முடியாத நிலை. போராட்டத்தின் விளைவாக, விவசாயிகளின் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே கொலராடோ மாநிலம் 2023-ல் சட்டம் இயற்றியது. அது 2024 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜான் டீர் நிறுவனத்தின் மீது 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வணிக ஆணையமே வழக்குத் தொடுத்தது.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதும் அதன் டயர், டியூப் உள்ளிட்ட பல பாகங்கள் மீதும் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், கடையில் இல்லாத பாகத்துக்கு வரி குறைந்து என்ன பயன்? பழைய மாடல்களின் வரைபடங்கள் வெளியே வர வேண்டும் என்பதே அடுத்த கட்டக் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

பழைய பாகத்தைச் செய்துகொள்வது சட்டப்படி சரியா என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. இந்தியாவில் காப்புரிமைக்கு ஆயுள் 20 ஆண்டு, வடிவமைப்புப் பதிவுக்கு அதிகபட்சம் 15 ஆண்டு. 1970-களின் வண்டிக்கு இரண்டுமே எப்போதோ முடிந்துவிட்டன. உங்கள் வண்டிக்கு நீங்கள் பின் செய்துகொள்ளலாம். கம்பெனியின் பெயரைப் பொறித்து விற்பது மட்டும் குற்றம். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்படி அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. நேர்மையான பட்டறை தன் பெயரைப் பொறிக்கட்டும்.

அடுத்த கை யாருடையது?

இந்தத் தொழிலின் பெரிய சவால் உலோகமும் அல்ல, சட்டமும் அல்ல, ஆள்தான். ஒரகடம், மறைமலைநகர் ஆலைகளின் சம்பளத்தோடு கிராமத்து லேத் பட்டறை போட்டி போட முடியாது. இன்று ஆலைகளில் டர்னர் என்பவர் பெரும்பாலும் சி.என்.சி. இயந்திரத்தில் பாகத்தை மாட்டிக் கழற்றுபவர். தேய்ந்த துண்டைப் பார்த்து அசல் அளவை ஊகிக்கும் பயிற்சி அங்கே கிடைப்பதில்லை. அந்தப் பயிற்சி, பழைய வண்டி வந்து நிற்கும் பட்டறையில்தான் இருக்கிறது.

தமிழக அரசு 71 ஐ.டி.ஐ.களை, ரூ. 2,877 கோடித் திட்டத்தில் நவீன தொழில்நுட்ப மையங்களாக மாற்றியிருக்கிறது. ஐ.டி.ஐ.களில் டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் ஆகியவை இரண்டாண்டுப் படிப்புகள். டிராக்டர் மெக்கானிக் என்று ஓராண்டுப் படிப்பும் இருக்கிறது. இந்த மாணவர்களின் செய்முறைத் தேர்வில், உள்ளூர் விவசாயியின் உடைந்த பாகம் ஒன்றை அளந்து, வரைந்து, செய்து, வண்டியில் மாட்டிக் காட்டுவதைச் சேர்த்தால் என்ன? மாணவருக்கு உண்மையான வேலை கிடைக்கும், விவசாயிக்குப் பாகம் கிடைக்கும். ஆண்டுதோறும் சேரும் வரைபடங்களை வேளாண் பொறியியல் துறை தொகுத்துத் தமிழில் வெளியிட்டால், சில ஆண்டுகளில் நமக்கென்று ஓர் உதிரி பாகக் களஞ்சியமே உருவாகிவிடும். கம்பெனிகளும் உற்பத்தி நிறுத்திய மாடல்களின் வரைபடங்களை ஐ.டி.ஐ.களுக்குக் கொடுக்கலாம். அதனால் அவர்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டமும் இல்லை.

நாட்டில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் டிராக்டர்கள் விற்கின்றன. இன்று வாங்கும் புதுவண்டியும் இருபது ஆண்டுகளில் பழைய மாடல்தான். அன்று அந்த வண்டிக்கும் பின் கடைந்து கொடுக்க ஒரு கை வேண்டும். எனவே இது கிழட்டு வண்டிகளின் மீதான பாசம் பற்றிய விஷயமே இல்லை. சிறு விவசாயி கடனில்லாமல் உழ முடியுமா என்ற விஷயம்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செய்யும் ஒவ்வொரு பாகத்தின் அளவையும், உலோகத்தையும், வண்டியின் மாடலையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பாகம் உடைந்தால் துண்டுகளைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, துடைத்து, ஒரே பையில் கட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அளவும் மரையும் அதில்தான் இருக்கின்றன. போகும்போது வீட்டுப் பிள்ளையையும் கூடவே அழைத்துப் போங்கள்.